அம்மாவும் அம்மச்சி கொட்டாரமும்

லோயர் கேம்ப் என்று ஒரு ஊர் இருப்பது, குமுளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்காமல் வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். கம்பம் தாண்டி, கூடலூர் தாண்டி, வயலும் தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமும் முடிந்து சட்டென்று மலை எழுந்து நிற்கிற இடம். 2013ல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபம், பெரியாறு பவர் ஹவுஸ், மலை மேலிருந்து அதற்குள் இறங்குகிற நாலு ராட்சசக் குழாய்கள். அவ்வளவுதான் எங்க ஊர். இங்கே யாரும் இறங்க மாட்டார்கள். எல்லாரும் மேலே போகிறவர்கள்.

நாங்களும் மேலே போகிறவர்கள்தான். என்ன ஒரு வித்தியாசம் என்றால், வெளியூர்க்காரர்கள் தேக்கடியில் போட்டிங் போகிறார்கள், எங்க ஊர்ப் பெண்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். காலையில் ஆறு மணிக்கு ஜீப். எட்டுப் பேர் உட்காருகிற ஜீப்பில் பதினெட்டுப் பேர். மடியில் தூக்குச்சட்டி, மழைக்கு ஒரு கொங்காணி. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்கும் என்றுதான் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, தூரிலிருந்து தரையோடு படர்கிற சரத்தில்தான் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குத்த வைத்து உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடி தனி. யாராவது டீயை உறிஞ்சிவிட்டு "ஆஹா, ஏலக்காய் வாசனை" என்றால் எனக்கு அம்மா ராத்திரி முழங்காலில் தேய்க்கிற தைலத்தின் வாசனைதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்பா இறந்தபோது நான் நாலாம் வகுப்பு. அந்த வருஷத்திலிருந்து அம்மா ஜீப்புக்குப் போகிறாள். வருஷத்துக்கு இருநூறு நாள் என்று வைத்தாலும் மூவாயிரம் தடவைக்குக் கிட்ட அந்த மலை ஏறியிருக்கிறாள். குமுளி போனதும் ஜீப் மூணாறு ரோட்டில் பிரிந்துவிடும். சக்குப்பள்ளம், அணைக்கரை, வண்டன்மேடு என்று எங்கே ஆள் கேட்கிறார்களோ அங்கே. தேக்கடி ஏரி குமுளியிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். அதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வேலை இல்லாமல் அவள் மலை ஏறியது சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மட்டும். அதுவும் பளியன்குடி வழியாக நடந்தே.

நான் மதுரையில் எம்.ஏ. வரலாறு ரெண்டாம் வருஷம். சாயங்காலத்தில் ரெண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துக் கொஞ்சம் காசு சேர்த்திருந்தேன். "அம்மா, ஒருநாள் ஊர் சுத்திப் பாக்கப் போலாம், செலவு என்னோடது" என்றேன். "திருச்செந்தூர் போவமா?" என்றாள். நம்ம அம்மாக்களுக்கு ஊர் சுற்றுவது என்றால் கோயில், கோயில் விட்டால் துக்க வீடு. நான் அரண்மனை பார்க்கலாம் என்றேன். "மகாலைத்தான் ஸ்கூல் டூர்ல பாத்தாச்சே" என்று முடித்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே ஒரு மகால்தான், அது மதுரையில் திருமலை நாயக்கர் கட்டியது.

நான் சொன்னது மலை மேல் இருக்கிற அரண்மனை. இந்த ராஜாக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு பாருங்கள், வெயில் வந்தால் மலைக்கு ஓடிவிடுவார்கள். மைசூர் மகாராஜாவுக்கு ஊட்டியில் ஃபெர்ன்ஹில்ஸ். உதய்ப்பூர் ராணாவுக்கு மழையைப் பார்ப்பதற்கென்றே குன்றின் மேல் சஜ்ஜன்கட். வெள்ளைக்கார வைஸ்ராய்க்கு சிம்லாவில் 1888ல் கட்டி முடித்த மாளிகை. போர்ச்சுகல் ராஜாக்கள்கூட லிஸ்பன் வெக்கை தாங்காமல் சிந்த்ரா மலைக்குப் போனவர்கள்தான். திருவிதாங்கூர் ராஜகுடும்பம் வந்தது பீர்மேடு, குட்டிக்கானம் பக்கம். எங்க வீட்டிலிருந்து ரெண்டு பஸ். எங்கேயோ ராஜஸ்தான் போய் அரண்மனை பார்க்கிறவர்களைப் பார்த்து ஏங்குவதற்கு முன்னால் நம்ம தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்துவிடலாமே என்பது என் கட்சி.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால்தான் மிச்சம் புரியும். கூடலூரில் தாத்தா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அப்பத்தா இருந்தவரைக்கும் பெரியப்பா குடும்பம் அங்கே இருந்தது. நாங்கள் லோயர் கேம்பில் வாடகைக்கு இருக்கிறோம். அப்பத்தா போன வருஷம் இறந்துவிட்டது. இப்போது பெரியப்பா வீட்டை விற்க வேண்டும் என்கிறார். அதற்கு அம்மாவும் நானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், கைக்கு ஒரு தொகை தருகிறேன் என்றார். பெரியப்பா கெட்டவர் கிடையாது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அலைந்தவர் அவர்தான். அதை அவரும் மறக்கவில்லை, எங்களையும் மறக்க விடவில்லை. சட்டப்படி புருஷன் பங்கில் மனைவிக்கும் மகளுக்கும் பாத்தியதை உண்டு என்று நான் எடுத்துச் சொன்னேன். தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு கொடுத்துவிட்டார்கள், மற்ற மாநிலங்கள் பலவற்றுக்கு அது 2005ல்தான் வந்தது என்றெல்லாம் லெக்சர் அடித்தேன். அம்மா கேட்டுக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்தாள். "சொந்தம் விட்டுப்போயிரக் கூடாது பாப்பா" என்பதோடு சரி. போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, போடவில்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை கிடையாது. காலையில் ஆறரைக்குக் கிளம்பினோம். அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பச்சைப் புடவை கட்டியிருந்தாள். பஸ் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது அவள் ஜன்னல் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஜீப் பழக்கம். குமுளியில் தமிழ்நாட்டு பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். இறங்கி செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்தால் கேரளா.

அந்த இடத்தில் அம்மா எப்போதும் கொஞ்சம் வேகமாக நடப்பாள் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை பெரிதானபோது இந்த எல்லை மூடிக் கிடந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் சனம் இந்த மலை ரோட்டில் ஊர்வலமாக ஏறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. போலீஸ் லாரி வரிசையாக நின்றது ஞாபகம் இருக்கிறது. ஜீப் ஓடவில்லை. தோட்டத்தில் தங்கி வேலை பார்த்தவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்தார்கள். எங்க வீட்டில் அந்த மாதம் முழுக்க ரேஷன் அரிசிதான். பிறகு எல்லாம் சரியாகி, அதே முதலாளி, அதே கங்காணி, அதே ஜீப்.

குமுளியிலிருந்து கோட்டயம் போகிற ஆனைவண்டியில் ஏறினோம். (கேரள அரசு பஸ்ஸுக்கு அங்கே அதுதான் செல்லப்பெயர்.) வண்டிப்பெரியாறு வந்ததும் ரெண்டு பக்கமும் தேயிலை. அம்மா எட்டிப் பார்த்து, "இது நின்னுக்கிட்டே பறிக்கிற வேலை. நல்ல வேலை" என்றாள். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி இப்படி ஒரு விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பீர்மேடு என்ற பெயருக்கு நம்ம தக்கலை பீர்முகம்மது அப்பாதான் காரணம், அந்த சூஃபி ஞானி இந்த மலையில் வந்து தவம் இருந்தார் என்று சொல்கிறார்கள். தமிழில் ஞானப் பாடல்கள் பாடியவர். அதை அம்மாவிடம் சொன்னேன். "மலைக்கு வந்து சும்மா உக்காந்தவரும் இருக்காரு போல" என்றாள்.

குட்டிக்கானத்தில் இறங்கியபோது நல்ல பனி. கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கு அதிகமான உயரம். கொட்டாரம் என்றால் மலையாளத்தில் அரண்மனை. அம்மச்சி கொட்டாரம் போகிறோம் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். எங்க பக்கம் அம்மாச்சி என்றால் அம்மாவைப் பெத்தவள், கொட்டம் என்றால் மாட்டைக் கட்டுகிற இடம். "யாரோட அம்மாச்சி வீட்டு மாட்டுக் கொட்டத்தைப் பாக்க இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தாள். டீக்கடைக்காரர் வேறு அவளைப் பார்த்து "அம்மச்சிக்கு சாயாவா, காப்பியா?" என்று கேட்டுவிட்டார். வயசான பெண்களை அங்கே அப்படிக் கூப்பிடுவது மரியாதை. அம்மாவுக்கு நாற்பத்தெட்டுதான். முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அரண்மனை நம்மளதுதான் போலருக்கு, வா" என்று எழுந்துவிட்டாள்.

அரண்மனை என்றதும் கோபுரம், கொத்தளம், பீரங்கி என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மரங்களுக்கு நடுவில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு பெரிய பழைய வீடு. சுவரில் பாசி. நீள நீளமான வராந்தா, உள்ளே வானம் பார்த்த முற்றம், வெள்ளைக்காரன் பங்களாவும் மலையாளத்து நாலுகெட்டு வீடும் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி ஒரு அமைப்பு. கைமாறி இப்போது தனியார் சொத்து. மலையாள சினிமாக்காரர்கள் வந்து போகிறார்கள். நாங்கள் போன நேரம் காவலுக்கு இருந்தவர் பாதித் தமிழில் பேசி உள்ளே விட்டார். இங்கிருந்து ஒரு ரகசியச் சுரங்கம் போகிறது என்றார். சுரங்கம் இல்லாத அரண்மனையை எந்தக் காவல்காரரும் இதுவரை காட்டியதில்லை என்பது என் ஆராய்ச்சி முடிவு.

அம்மா சுற்றிப் பார்த்த விதம் எனக்குப் புதிது. நான் தூணையும் வளைவையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் முதலில் கூரையைப் பார்த்தாள், ஓட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் விழும் என்று. பிறகு தரையைக் காலால் தேய்த்தாள். பிறகு, "அடுப்படி எங்கிட்டு?" என்றாள். அடுப்படிக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் எத்தனை எட்டு என்று நடந்து பார்த்தாள். "இம்புட்டு வராந்தாவையும் கூட்டிப் பெருக்க நாலு பொம்பளையாவது வேணும். அவளுக எங்க படுத்தாளுக?" என்று காவல்காரரிடம் கேட்டாள். அவர் சுரங்கத்தைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார்.

வராந்தாத் திண்ணையில் உட்கார்ந்து கொண்டுபோன புளிசாதத்தைப் பிரித்தோம். அப்போதுதான், "இங்க இருந்த ராணி யாரு?" என்று கேட்டாள்.

அதுதானே விஷயம். இங்கே இருந்தது ராணி இல்லை.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மருமக்கள்தாயம். ராஜாவுக்குப் பிறகு பட்டம் அவர் மகனுக்கு வராது, அவர் சகோதரியின் மகனுக்குத்தான் வரும். அதனால் ராணி என்ற பட்டம் ராஜாவின் சகோதரிக்கு. ஆற்றிங்கல் ராணி என்று வரலாற்றில் வருவதெல்லாம் அப்படித்தான். ராஜாவைக் கட்டிக்கொண்டவள் ராணி ஆக முடியாது. அவளுக்குப் பெயர் அம்மச்சி. பனப்பிள்ளை அம்மா என்றும் சொல்வார்கள். அவள் பெற்ற பையன்கள் தம்பி, பெண்கள் தங்கச்சி. ராஜாவின் ரத்தம், ஆனால் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் போக முடியாது. 1729ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மாவோடு பப்புத் தம்பி, ராமன் தம்பி என்று முந்தைய ராஜாவின் பிள்ளைகள் மோதியது இதனால்தான். மோதித் தோற்றார்கள்.

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அப்ப ராசா செத்துப்போனா இந்தப் பொம்பள எங்க போவா?"

"அவளுக்குன்னு வீடு இருக்கும்மா." திருவனந்தபுரத்தில் அம்மவீடு என்று நாலு பெரிய குடும்பங்கள். அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. பெயரைப் பார்த்தாலே தெரியும், எல்லாம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள். ராஜாக்கள் பெண் எடுத்தது இந்த வீடுகளில். வெளியே ஒரு பெண்ணைப் பிடித்துப்போனால் அவளை முதலில் இதில் ஒரு வீட்டில் தத்துக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் கல்யாணம். அவள் வீடு, அவள் சொத்து, அவளுக்குப் பிறகு அவள் பெண் மக்கள் வழியாகவே போகும். கேரளத்தில் மருமக்கள்தாயக் கூட்டுக் குடும்பமுறையைச் சட்டம் போட்டு எடுத்தது 1975ல்.

இதை நான் பரீட்சைக்குப் படித்த மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா இலையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"இவளுக்கு ராணின்னு பேரு குடுக்கல, வீட்டக் குடுத்தாய்ங்க. எனக்கு வீட்டு மருமகன்னு பேரு குடுத்தாய்ங்க, வீட்டக் குடுக்கல."

அப்பா இறந்து பதினாறாம் நாள் முடிந்ததும் என்ன நடந்தது என்று அதற்கப்புறம்தான் சொன்னாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாதது. யாரும் போகச் சொல்லவில்லையாம். பெரியம்மா சமையல்கட்டில் அவள் கைச்செலவு டப்பாவை எடுத்து மேல் பலகையில் வைத்துவிட்டது. அவ்வளவுதான். "எட்டாத எடத்துல வச்சா என்ன அர்த்தம்? நானே கெளம்பிட்டேன்." ரெண்டு நாள் கழித்து லோயர் கேம்பில் இந்த வாடகை வீடு, அடுத்த திங்கள்கிழமை ஜீப். "உங்க பெரியப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, நானாத்தான் கோவிச்சுக்கிட்டுப் போனேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு." எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. காவல்காரர் வந்து நேரமாச்சு என்றார். அம்மா அவருக்கு மிச்சப் புளிசாதத்தைக் கொடுத்தாள்.

மத்தியானம் குமுளி திரும்பி, வனத்துறை பஸ்ஸில் தேக்கடிப் படகுத்துறைக்குப் போனோம். மூன்றரை மணிப் படகு, அதுதான் கடைசி. லைஃப் ஜாக்கெட்டைக் கையில் கொடுத்ததும் அம்மா தயங்கினாள். 2009 செப்டம்பர் 30ல் இதே ஏரியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். எங்க ஊரில் அந்த ராத்திரியை யாரும் மறக்கவில்லை. "ரெண்டு முடிச்சுப் போடு" என்று என் ஜாக்கெட்டைத் தானே இழுத்துக் கட்டினாள். ஓரமாக உட்கார மாட்டேன் என்று நடு சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் பயம் போய்விட்டது. ஏரி நடுவில் பட்ட மரங்கள் நூற்றுக்கணக்கில் தலையை நீட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் நீர்க்காகம். 1895ல் அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது முங்கிப்போன காடு அது. கரையில் காட்டெருமைக் கூட்டம். படகில் எல்லாரும் எழுந்து நின்று கத்த, டிரைவர் உட்காருங்க உட்காருங்க என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார். அம்மா மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதான் நம்ம குழாய்ல வர்றதா?" ஆமாம். தேக்கடித் தலைமதகில் புகுந்து, மலைக்குள் சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, நாலு குழாயில் லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் விழுகிற தண்ணீர். நாலு எந்திரம், ஒவ்வொன்றும் 35 மெகாவாட் என்று ஆரம்பித்த நிலையம். விழுந்த தண்ணீர்தான் வயலுக்கும் வைகை அணைக்கும் போகிறது. அம்மா துணி துவைக்கிற தண்ணீரும் அதுதான்.

இடப்பாளையம் லேக் பேலஸ் அப்போது தெரிந்தது. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு மேட்டில், மரங்களுக்குள் அடக்கமாக ஒரு வீடு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா கோடைக்கு வந்து தங்கிய இடம். இந்தக் காட்டை 1934ல் பாதுகாப்பு வனமாக அறிவித்தவரும், 1936ல் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தவரும் அவர்தான். இப்போது கேரள சுற்றுலாக் கழகத்தின் ஓட்டல். படகில்தான் போக முடியும். வாடகையைக் கேட்டால் எனக்கு அஞ்சு மாச ட்யூஷன் காசு.

"இங்க இருந்த அம்மச்சி யாரு?"

"இவரு கல்யாணமே பண்ணலம்மா."

"நல்லதாப் போச்சு" என்றாள். எதற்கு நல்லது என்று கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "மேடு அவுங்களோடது, தண்ணி நம்மளோடதா?" என்று கேட்டாள். என் பாடத்திலேயே இதைவிடச் சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. 1886 அக்டோபர் 29ல் எழுதிய குத்தகை. திருவிதாங்கூர் சார்பில் திவான் ராமய்யங்கார், சென்னை மாகாணத்துக்காக வெள்ளைக்கார ரெசிடென்ட் கையெழுத்து. 999 வருஷம். ஆற்றின் அடிமட்டத்திலிருந்து 155 அடி உயரத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே முங்குகிற 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருஷம் அஞ்சு ரூபாய், மொத்தம் நாற்பதாயிரம். கோட்டுக்கு மேலே இருக்கிற மேடு ராஜாவுடையது, அதனால்தான் அங்கே அரண்மனை நிற்கிறது.

"அஞ்சு ரூவாதானா? இப்பமும்மா?"

1970ல் முப்பது ரூபாய் ஆக்கினார்கள். அதற்குள்ளே இன்னொரு கதை இருக்கிறது. பத்திரம் எழுதியபோது இந்தத் தண்ணீரில் கரண்ட் எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாசனம் என்றுதான் எழுதினார்கள். பின்னால் சென்னை அரசு மின்சாரம் எடுக்கப் பார்த்தபோது திருவிதாங்கூர் மறித்தது. 1941ல் மத்தியஸ்தர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி, பாசனத்துக்குத்தான் உரிமை, மின்சாரத்துக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். சுதந்திரத்துக்குப் பிறகு பேசிப் பேசி, 1958 வாக்கில் பவர் ஹவுஸ் ஓட ஆரம்பித்து, 1970 ஒப்பந்தத்தில்தான் அதற்கு முறையாகக் காகிதம் ஆனது. ஒரு வார்த்தை விட்டுப்போனதற்கு முப்பது வருஷம்.

அம்மா இதை ரொம்பக் கவனமாகக் கேட்டாள். சட்டப் பிரிவுகளை நான் எடுத்துச் சொன்னபோது கீரை ஆய்ந்தவள், இதற்கு ரெண்டு தடவை குறுக்கே கேள்வி கேட்டாள். அந்த மத்தியஸ்தர் யாரு ஆளு, வெள்ளைக்காரன் ஆளா, ராசா ஆளா என்று ஒன்று. எழுதுனவங்க வேணும்னே விட்டாய்ங்களா என்று இன்னொன்று.

ராத்திரி எட்டு மணிக்கு வீடு. பஸ்ஸில் இறங்கும்போதே, கூடலூருக்கு ஒரு போன் போட்டுத் தா என்றாள். பெரியப்பாவிடம் அவள் பேசியது ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. "நல்லா இருக்கீகளா மாமா... விடுதலைப் பத்திரம் வேணாம். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவோம். எம்பேரும் பாப்பா பேரும் வரணும். அப்புறம் வித்தாலும் சேந்தே விப்போம், உங்களுக்கு ஒரு கொறையும் வராது." அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இவள், "இல்ல மாமா, கோவமெல்லாம் இல்ல. அன்னைக்கும் நானாக் கோவிச்சுக்கிட்டுப் போகல" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

பெரியப்பா ஒரு மாசம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் பெரியம்மா மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. கைச்செலவு டப்பா பற்றி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது. போன வாரம் பத்திரம் எழுதுகிறவரிடமிருந்து ஒரு நகல் வந்தது. அம்மாவுக்குப் படிக்க வராது. என்னைச் சத்தமாக ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். மேற்குப் பக்கத்து ரெண்டு அறை, முன்வாசல் பொதுவில் என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கிணற்றடிக்குப் போகிற நடைபாதையை மட்டும் எழுதவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, யார் மறிக்கப் போகிறார்கள் என்றாராம் பெரியப்பா. அம்மா நகலைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டாள். நாலடி அகலம் என்று அளவு போட்டு எழுதிக்கொண்டு வரட்டும் என்று.